மியூட்டில் நூறு பேர்

2020 ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு புது வழக்கம் வேகமாகப் பரவியது. ஊரடங்கில் வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. வாட்ஸ்அப் குழுக்களிலோ அழைப்பிதழ்கள் வந்து குவிந்தன: பன்னாட்டு இணையவழிக் கருத்தரங்கம், தேசிய வெபினார், ஏழு நாள் இணையப் பயிலரங்கம். பின்னூட்டப் படிவத்தை நிரப்புவோருக்கு மின்சான்றிதழ் உண்டு என்று அழைப்பிதழின் அடியில் ஒரு வரி இருக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முதல்வரின் வாழ்த்துரை, துறைத்தலைவரின் வாழ்த்துரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம் எல்லாம் முடிய அரை மணி நேரம் ஆகிவிடும். அடுத்த ஒரு மணி நேரம் உரை. "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேட்கலாம்" என்பார் ஒருங்கிணைப்பாளர். பதில் வராது. நன்றியுரை தொடங்கும்போது படிவத்தின் லிங்க் வந்து விழும். அதுவரை அசையாமல் கிடந்த சாட் அப்போதுதான் ஓடத் தொடங்கும்: "லிங்க் ஓப்பன் ஆகல சார்", "மேடம், மறுபடி அனுப்புங்க".

வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியரின் பதவி உயர்விலும் கல்லூரியின் தரமதிப்பீட்டிலும் கருத்தரங்குகளுக்குக் கணக்கு உண்டு. மாணவருக்கு அந்தச் சான்றிதழ் நாளை எங்காவது பயன்படலாம் என்ற நம்பிக்கை. அந்தக் கூட்டம் அவர்களிடம் கேட்டது பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் மட்டுமே, அதைக் கொடுத்தார்கள். இருபது ஆண்டு பாடம் நடத்திய ஓர் ஆசிரியை, பேச்சாளர் சொன்ன ஏதோ ஒன்று தன் வகுப்பில் பலிக்கவில்லை என்று நினைத்திருக்கலாம். அந்த நினைப்புக்கு அங்கே இடம் வைக்கப்படவில்லை.

இணையக் கூட்டத்தில் ஆட்களை ஈடுபட வைப்பது எப்படி என்று கேட்டால் இன்று கருவிகளை அடுக்கிக் காட்டுகிறார்கள். உடனடி வாக்கெடுப்பு, வினாடி வினா, எமோஜி, சிறு அறைகள். இவற்றில் பல உதவும். ஆனாலும் கூட்டம் உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணம்தான் உண்டு என்று நான் நம்புகிறேன்: வந்தவர் கொண்டுவரும் ஏதோ ஒன்று இல்லாமல் அந்தக் கூட்டம் நடக்காது என்கிற நிலை. அதை மைக்கை ஆன் செய்த பிறகு உருவாக்க முடியாது. முந்தின வாரமே உருவாக்கியிருக்க வேண்டும்.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. ஜூமில் 2019 டிசம்பரில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 கோடியாக இருந்த கூட்டப் பங்கேற்பு 2020 ஏப்ரலில் 30 கோடியானது. ஒருவர் மூன்று கூட்டத்தில் இருந்தால் மூன்றாகக் கணக்கிடும் எண் இது. தொற்று போய்விட்டது, பழக்கம் நிலைத்துவிட்டது. பெற்றோர் கூட்டம், அலுவலகத்தின் திங்கட்கிழமைக் கூட்டம், டொராண்டோவும் திருச்சியும் சேர்ந்து நடத்தும் நூல் அறிமுகம் எல்லாம் இன்று திரையில்தான். நெருக்கடிக் காலத்தில் அவசரமாகக் கற்றுக்கொண்ட முறையையே நாம் இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறோம்.

ஒரு நொடி மௌனம்

நேரில் பேசும்போது ஒருவர் முடித்ததும் அடுத்தவர் எவ்வளவு சீக்கிரம் பேசத் தொடங்குகிறார்? டேனிஷ், இத்தாலியம், கொரியன், ஜப்பானியம், லாவோ உள்ளிட்ட பத்து மொழிகளில் இதை அளந்து 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளுக்குச் சராசரி இடைவெளி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே நம் பதில் தயாராகிவிடுகிறது. அவர் மூச்சு விடுவதும் கண் திரும்புவதும் இப்போது நம் முறை என்று சொல்லிவிடுகின்றன.

இணையத்தில் இந்தத் தாளம் உடைகிறது. குரல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக 150 மில்லிநொடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. 400 மில்லிநொடி என்பது மேல் எல்லை. மொபைல் டேட்டாவில், மலையடிவாரக் கிராமத்திலிருந்து இணைந்தவருக்கு அந்த எல்லையும் தாண்டிப் போகும். அவர் பேச ஆரம்பிக்கிறார், அதே நேரம் இன்னொருவரும். இருவரும் நிறுத்துகிறார்கள். "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க." மூன்றாவது முறை அவர் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. தொலைபேசி உரையாடலில் வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்திப் பார்த்த ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2014இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். 1.2 நொடி தாமதமானபோது, எதிர்முனையில் இருப்பவர் கவனமில்லாதவர், நட்பில்லாதவர் என்று மக்கள் கருதினார்கள். பழி போக வேண்டியது கம்பிக்கு, போனது மனிதருக்கு. நம் கூட்டங்களில் அந்தப் பழி யார் மேல் விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு இல்லாதவர், பழைய போன் வைத்திருப்பவர், பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி இணைந்தவர். ஏற்கெனவே பேசத் தயங்கும் அதே ஆட்கள்.

இதற்கு மருந்து காத்திருப்பது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் ஆராய்ந்தார். ஏறத்தாழ ஒரே நொடி. அதை மூன்று நொடியாக்கியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதில் சொல்ல முன்வருவோர் கூடினார்கள், மாணவர்கள் தாங்களாகக் கேட்கும் கேள்விகளும் பெருகின. வகுப்பறைக்கே மூன்று நொடி என்றால், மியூட்டை எடுக்கும் பொத்தானைத் தேடி, வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் பேச வேண்டியவருக்கு எவ்வளவு வேண்டும்? நான் மனதுக்குள் பத்து எண்ணுவேன். நடத்துகிறவருக்கு அந்தப் பத்து எண்ணிக்கை நெருப்பில் நிற்பதுபோலத் தெரியும். கேட்கிறவருக்கு அது யோசிக்கும் நேரம்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்ற கேள்வியை அடியோடு விட்டுவிடலாம். உதவி தேவைப்படும் இடத்தில் ஆட்கள் கூடக்கூட, ஒவ்வொருவரும் முன்வருவது குறைகிறது என்று லட்டானேயும் டார்லியும் 1968இல் காட்டினார்கள். நூறு பேரைப் பார்த்துக் கேட்ட கேள்வியும் அப்படித்தான், யார் தோளிலும் இறங்குவதில்லை. கேள்வி ஒருவரைப் போய்ச் சேர வேண்டும், அதுவும் முன்னறிவிப்போடு. "இன்னும் ஐந்து நிமிடத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கேட்கப் போகிறேன், முதலில் தென்காசி அம்மா சொல்லட்டும்" என்றால் அவர் தயாராகிவிடுவார். திடீரென்று பெயர் சொல்லி எழுப்புவது வேறு. அது பள்ளிக்கூடப் பயத்தைக் கிளப்பும். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார்.

கேமராவைத் திறக்கச் சொல்லலாமா?

"எல்லாரும் வீடியோ ஆன் பண்ணுங்க" என்பது பல கூட்டங்களில் முதல் கட்டளை. முகம் தெரிந்தால் கவனம் இருக்கும் என்ற எண்ணம். பேசுகிறவருடைய தவிப்பும் எனக்குப் புரிகிறது. கறுப்புச் சதுரங்களைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவது மனதை உலர்த்திவிடும்.

ஆனால் 2021இல் அலிசன் கேப்ரியல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் வெளியிட்ட கள ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. ஒரு நிறுவனத்தின் 103 ஊழியர்களை நான்கு வாரம் பின்தொடர்ந்தார்கள். கேமரா திறந்திருந்த நாட்களில் ஊழியர்கள் அதிகம் களைத்தார்கள், களைத்ததால் கூட்டத்தில் குறைவாகப் பேசினார்கள். பெண்களுக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இந்தப் பாதிப்பு கூடுதல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் அதே ஆண்டு இந்தக் களைப்புக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். பல கண்கள் மிக அருகிலிருந்து இடைவிடாமல் நம்மைப் பார்ப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, நகராமல் ஒரே சட்டத்துக்குள் உட்கார வேண்டியிருப்பது, தலையசைப்பைக்கூட யோசித்துச் செய்ய வேண்டியிருப்பது. அவருடைய குழு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கேட்டதில், கடுமையாகக் களைத்துப்போவதாகச் சொன்ன பெண்கள் 13.8 சதவீதம், ஆண்கள் 5.5 சதவீதம்.

கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள் கேமராவை ஏன் அணைத்து வைக்கிறார்கள் என்று கேட்டபோது, 41 சதவீதம் பேர் தங்கள் தோற்றம் பற்றிய கவலையைச் சொன்னார்கள். பின்னால் வீடும் வீட்டாரும் தெரிவதையும் இணைய வேகத்தையும் சொன்னவர்களும் உண்டு. இது அமெரிக்காவில். நம் ஊரில் ஒரே அறையில் நான்கு பேர் புழங்கும் வீட்டிலிருந்து ஒரு பெண் கல்லூரிக் கூட்டத்தில் இணைகிறாள். சுவரின் நிறம், பின்னால் தொங்கும் துணி, சாமி படம், நடந்து போகும் அப்பாவின் சட்டையில்லாத உடம்பு. ஊர், சாதி, வசதி என்று அவள் சொல்ல விரும்பாத எல்லாவற்றையும் அந்தச் சதுரம் சொல்லிவிடும். நாளொன்றுக்குக் கிடைக்கும் 1.5 ஜிபி டேட்டாவில் ஒரு பெரும்பங்கையும் அது தின்றுவிடும். கேமரா ஆன் செய்தால்தான் வருகைப்பதிவு என்ற விதியை எந்தக் கல்லூரியும் இனி வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முகத்தைப் பார்க்கும் ஆசையைத் தீர்க்க வேறு வழி இருக்கிறது. தொடக்கத்தில் ஐந்து நிமிடம், விரும்புகிறவர்கள் திறந்து வணக்கம் சொல்லட்டும். பிறகு பேசுகிறவர் மட்டும் திறந்தால் போதும். தன் முகம் தனக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி ஜூமிலேயே இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. முதல் நிமிடத்தில் அதைக் காட்டிக்கொடுப்பது பெரிய உபகாரம்.

ஆமா போட ஆள் வேண்டும்

தமிழருக்கு நீண்ட உரை புதிதில்லை. மணிக்கணக்கில் மேடைப்பேச்சு கேட்ட மக்கள் நாம். அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் சும்மா இருந்ததில்லை. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், சிரித்தார்கள், சலித்துப்போனால் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். பேச்சாளர் அதைப் பார்த்துப் பேச்சை வளைத்தார். வில்லுப்பாட்டில் இது இன்னும் வெளிப்படை: பாட்டுக்காரர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார், இடையில் கேள்வி கேட்பார், ஊர் மக்கள் கேட்க நினைப்பதை அவர் கேட்டுவிடுவார். மியூட்டில் போட்ட கூட்டத்தில் "ஆமா" போட யாருமில்லை. மேடையில் சிங்கமாக நிற்கிறவர்கள் ஜூமில் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

உரைதான் வேண்டும் என்றால் அதை வெட்டிக் கொடுக்க வேண்டும். ஹார்வர்டில் ஸ்புனர், கான், ஷாக்டர் மூவரும் 2013இல் வெளியிட்ட சோதனையில் 21 நிமிடப் புள்ளியியல் பாடம் ஒன்றை நான்கு துண்டாக்கினார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு துண்டின் முடிவிலும் சிறு தேர்வு, இன்னொரு குழுவுக்கு இல்லை. தேர்வு இல்லாதவர்களிடம் நடுவில் விசாரித்தபோது 41 சதவீத நேரம் அவர்கள் மனம் வேறெங்கோ இருந்தது. தேர்வு எழுதியவர்களிடம் அது 19 சதவீதம். அவர்கள் குறிப்பும் கூடுதலாக எடுத்தார்கள். மற்றொரு பெரிய ஆய்வு எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்ட பதிவுகளை அலசியது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்ப்பவர்கள் அதில் செலவிட்ட இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஒன்றரை மணி நேர உரை ஏன் தொடர்கிறது? எனக்குப் பிடிபட்ட விடை 2019இல் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. ஒரு பகுதி மாணவர்கள் தேர்ந்த ஆசிரியரின் சரளமான உரையைக் கேட்டார்கள். மற்றவர்கள் அதே பாடத்தைத் தாங்களே முட்டி மோதிச் செய்து கற்றார்கள். தேர்வில் இரண்டாமவர்களே முன்னே நின்றார்கள். ஆனால் அதிகம் கற்றதாக நினைத்தவர்கள் முதல் குழுவினர். சரளமான பேச்சு, புரிந்துவிட்ட உணர்வைத் தந்துவிடுகிறது. பின்னூட்டப் படிவத்தில் "மிக அருமையான உரை" என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை; அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. படிவத்தைப் பார்த்து அடுத்த மாதமும் அதே போலக் கூட்டம் போடுகிறோம்.

ஆகவே, பேச்சாளரோடு இன்னொருவரை உட்கார வையுங்கள். வாழ்த்துரை சொல்ல வந்தவராக அவர் இருக்கக் கூடாது. அந்தத் துறையில் பாதி தெரிந்தவராக, தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாதவராக இருக்க வேண்டும். ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை அவர் குறுக்கிடட்டும். சாட்டில் வரும் கேள்விகளை அவர் வாசிக்கட்டும். "இந்தக் கேள்வி ராமநாதபுரத்திலிருந்து ஒரு மீனவர் சங்க நண்பர் கேட்டிருக்கார்" என்று ஒரு குரல் வந்ததும், தன் எழுத்து வாசிக்கப்படுகிறது என்பதை மற்றவர்களும் தெரிந்துகொள்வார்கள். பேசிக்கொண்டே சாட்டையும் பார்ப்பது எந்தப் பேச்சாளராலும் ஆகாத காரியம்.

அல்புகர்க்கியின் வாராந்திரக் கூட்டம்

இதுவரை சொன்னதெல்லாம் மேல்பூச்சு என்று தோன்றும் அளவுக்கு ஆழமான ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஜூம் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம், அல்புகர்க்கி நகரம். அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் கல்லீரல் நிபுணர் டாக்டர் சஞ்சீவ் அரோரா. புணே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க எட்டு மாதம் வரை காத்திருந்தார்கள். மாநிலத்தில் அந்தக் கிருமி தொற்றியவர்கள் பல்லாயிரம். சிகிச்சை பெற்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அன்றைய சிகிச்சை கடினமானது. மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே ரிபாவிரின் மாத்திரை. ரத்தசோகையும் மனச்சோர்வும் பக்கவிளைவுகள். சிற்றூர் மருத்துவர்கள் அதைத் தொடவே அஞ்சினார்கள். பாலைவனத்தின் மறுகோடியிலிருந்து நோயாளி பல மணி நேரம் பயணம் செய்து வர வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப.

2003இல் அரோரா 'புராஜெக்ட் எக்கோ' என்ற முறையைத் தொடங்கினார். மாநிலமெங்கும் உள்ள சிற்றூர் மருத்துவர்களையும் சிறை மருத்துவர்களையும் வாரம் ஒருமுறை காணொளியில் ஒன்றுசேர்த்தார். ஹெபடைடிஸ் பற்றி வாராவாரம் ஒரு வெபினார் நடத்தியிருக்கலாம். நிபுணர் பேசியிருப்பார், மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். அவர் வேறு மாதிரி அமைத்தார். ஒவ்வொரு வாரமும் சிற்றூர் மருத்துவர்களில் ஒருவர் தன் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் அடையாளமும் இருக்காது. வயது, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்து, குடிப்பழக்கம், வீட்டு நிலை எல்லாம் ஒரே வடிவப் படிவத்தில் முன்கூட்டியே வந்துவிடும். எங்கே தடுக்கிறது என்பதையும் அவர் சொல்லியாக வேண்டும்.

அடுத்து நடப்பதுதான் முறையின் உயிர். விளக்கம் கேட்கும் உரிமை முதலில் மற்ற சிற்றூர் மருத்துவர்களுக்கு. ஆலோசனை சொல்லும் முறையும் முதலில் அவர்களுக்கே. அவர்கள் பேசி முடித்த பிறகுதான் நிபுணர்கள் வாய் திறக்கிறார்கள். நிபுணர் முதலில் பேசிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் பேசமாட்டார்கள் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் உண்மை. துறைத்தலைவர் கருத்துச் சொன்ன பிறகு நம் கூட்டங்களில் எந்த இளம் ஆசிரியர் மாற்றுக் கருத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறோம்? எக்கோவில் சிறு உரையும் உண்டு, பத்துப் பதினைந்து நிமிடம். அன்று பேசிய நோயாளியின் பிரச்சினையோடு அது ஒட்டி நிற்கும்.

எல்லோரும் கற்பிக்கிறார்கள், எல்லோரும் கற்கிறார்கள் என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். முழக்கங்களை நான் எளிதில் நம்புவதில்லை. இதை நம்பக் காரணம் எண்கள். 407 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. பல்கலைக்கழக மருத்துவமனையில் நிபுணர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் 57.5 சதவீதத்தினரிடம் கிருமி மறைந்தது. எக்கோ கூட்டங்களில் கலந்துகொண்ட சிற்றூர், சிறை மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் 58.2 சதவீதம். கடுமையான பக்கவிளைவுகள் நிபுணர்களின் நோயாளிகளில் 13.7 சதவீதத்தினருக்கும், சிற்றூர் மருத்துவர்களின் நோயாளிகளில் 6.9 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. சிற்றூர் மருத்துவர்கள் தொட அஞ்சிய சிகிச்சையை, திரையில் நடந்த ஒரு வாராந்திரக் கூட்டம் கிராமத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இன்று பல நாடுகளில் பல நோய்களுக்கு இந்த முறை நடக்கிறது. இந்தியாவில் 2008 முதல் எக்கோ இந்தியா அறக்கட்டளை இயங்குகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இதே வழியில் தொலைதூர மாவட்டங்களின் மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் மனநலப் பயிற்சியும் போதை மீட்புப் பயிற்சியும் தந்திருக்கிறது.

அந்த மருத்துவர்கள் கூட்டத்தில் தூங்கவில்லை, மின்னஞ்சல் பார்க்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2021இல் தங்கள் நிறுவனத்தின் கூட்டங்களை அலசியபோது, ஏறத்தாழ 30 சதவீதக் கூட்டங்களில் ஒருவர் மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. பெரிய கூட்டம், நீண்ட கூட்டம், வாராவாரம் வரும் கூட்டம் எல்லாவற்றிலும் அது கூடுகிறது. எக்கோவும் வாராவாரம் வருவதுதான். ஆனால் அடுத்த வாரம் தன் நோயாளியை முன்வைக்கப் போகிறவருக்கு இந்த வாரம் கேட்டே ஆக வேண்டும். ஊருக்குப் போனதும் அந்த மருந்தை அவர்தான் எழுதப் போகிறார்.

இங்கே செய்ய முடிந்தது

எக்கோவை அப்படியே ஒரு தமிழ்த்துறைக் கருத்தரங்குக்குத் தூக்கிவர முடியாது. அதன் நடுக்கூட்டை எடுத்துக்கொள்ளலாம். சங்க இலக்கியம் கற்பித்தல் பற்றிக் கூட்டமா? பதிவு செய்வோரிடம் பெயரோடு இன்னொன்றும் கேளுங்கள்: மாணவர்களுக்கு இதுவரை புரிய வைக்க முடியாமல் போன ஒரு பாடல் எது, எங்கே தடுக்கிறது? வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல்பதிவாக அனுப்பினாலும் போதும். தமிழில் தட்டச்சு செய்யக் கை வராதவர்கள் நிறைய. வந்தவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அனுப்பியவர்களே முன்வைக்கட்டும். மற்ற ஆசிரியர்கள் முதலில் பேசட்டும். பேராசிரியரின் இருபது நிமிடம் அதன் பிறகு வரட்டும். பயிர்க்காப்பீடு பற்றிய உழவர் கூட்டத்துக்கும், பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்கும் இதே அமைப்பு பொருந்தும்.

நாற்பது பேர் வரும் நிகழ்ச்சிக்கு வெபினார் முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் பார்வையாளர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது; யார் வந்திருக்கிறார்கள் என்றே தெரியாது; நடத்துகிறவர் அனுமதித்தால்தான் மைக். 2020இல் அறிமுகமில்லாதவர்கள் புகுந்து கூட்டங்களைக் கலைத்த பயத்தில் பலர் அந்த முறைக்குப் போனார்கள். காத்திருப்பு அறையும் பதிவுப் பட்டியலும் அந்தப் பயத்துக்குப் போதும். கூட்ட முறையில் வைத்தால் பக்கத்து ஊர்க்காரர் வந்திருப்பது தெரியும். அந்தத் தெரிதலே பாதி உற்சாகம்.

ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் தொடர்பு அறுந்துவிடும் என்று வருந்துபவர்கள் உண்டு. அதை ஒரு நல்வாய்ப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். வாழ்த்துரைகளை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட்டால் நாற்பது நிமிடத்தில் மூன்று பேரின் பிரச்சினையை ஆற அமரப் பேசலாம். அடுத்தடுத்துக் கூட்டம் இருந்தால் நடுவில் பத்து நிமிடம் விடுங்கள். 2021இல் மைக்ரோசாஃப்ட் 14 பேரின் மூளை அலைகளை அளந்த சிறு சோதனையில், இடைவெளியில்லாத கூட்டங்களில் மனஅழுத்தத்தைக் காட்டும் அலைகள் கூடிக்கொண்டே போயின. இடைவெளி விட்டவர்களிடம் அவை கூடவில்லை.

பார்வையற்ற தோழர் ஒருவர் இணைந்திருந்தால் "இந்தப் படத்தில் பார்க்கிற மாதிரி" என்ற வாக்கியம் அவரை வெளியே தள்ளிவிடும். படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி சொல்லுங்கள். சிறிய போன் திரையில் எழுத்துத் தெரியாமல் கண்ணைச் சுருக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். சைகைமொழி பெயர்ப்பாளரின் சதுரம் ஸ்லைடு வந்ததும் மூலையில் சுருங்கிவிடாமல் பெரிதாக நிலைநிறுத்தப்பட வேண்டும். இவை சலுகைகள் என்று நினைக்கும் பழக்கம் நம் அமைப்பாளர்களிடம் இருக்கிறது. பார்வையற்றோரும் காதுகேளாதோரும் இல்லாமல் நடந்த கூட்டத்தைப் பன்னாட்டுக் கருத்தரங்கம் என்று அழைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சான்றிதழ் பற்றியும் சொல்ல வேண்டும். என்பிடெல் என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் செலுத்தி மையத்துக்கு நேரில் போய்த் தேர்வெழுத வேண்டும். அதனால்தான் அதற்கு மதிப்பு. கல்லூரி வெபினாருக்குத் தேர்வு தேவையில்லை. முன்கூட்டி ஒரு கேள்வியோ ஓர் அனுபவமோ அனுப்பியவருக்கு, அல்லது கூட்டத்துக்குப் பிறகு தன் வகுப்பில் முயன்றதைப் பற்றி அரைப்பக்கம் எழுதியவருக்குச் சான்றிதழ் என்று மாற்றலாம். எண்ணிக்கை நிச்சயம் விழும். ஐந்நூறு பேர் நாற்பதாகலாம். தரமதிப்பீட்டுக் குழுக்கள் அந்த நாற்பதை ஐந்நூறுக்கு மேலாக மதிக்கக் கற்றுக்கொண்டால் கல்லூரிகளும் துணிந்து மாறும். அதுவரை ஒரு நல்ல துறைத்தலைவரின் தைரியத்தை நம்பித்தான் இருக்கிறோம்.

கடைசியாக, நேரம். நம் இணையக் கூட்டங்களில் பெரும்பாலானவை மாலை ஆறரை, ஏழு மணிக்கு வைக்கப்படுகின்றன. அலுவலகம் விட்டு வந்த ஆண்களுக்கு அது ஓய்வு நேரம். பெரும்பாலான வீடுகளில் பெண்களுக்கு அடுப்பங்கரை நேரம். போனை அஞ்சறைப்பெட்டியின் மேல் சாய்த்து வைத்து, மியூட்டில் போட்டு, குக்கர் சத்தத்தினூடே கேட்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களைக் கவனமில்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? தேதி குறிக்கும் முன் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வையுங்கள். பிற்பகல் இரண்டரை என்று பதில் வந்தால் இரண்டரைக்கே வையுங்கள். அந்த நேரத்தில் அமைப்பாளருக்கு அலுவலகம் இருக்கிறது என்றால், பிற்பகலில் ஓய்வாக இருக்கும் ஒருவரை அமைப்பாளராக்குங்கள்.